முன் பிரேக் லிவர் மெத்தென்று போகிறது: ஏர் எடுத்தும் ஒரு வாரத்தில் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வியின் சாரம்: பெங்களூரில் ஓடும் நான்கு வருடமான 200 சிசி பைக், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு). முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுத்துக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் "ஒரு வாரத்தில் பழையபடி" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். ஏர் எடுப்பது பிரேக் ஆயில் லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும், அவ்வளவுதான். காற்று எப்படி வந்தது என்பதை அது சரிசெய்யாது. சில வண்டிகளில் அங்கே காற்றே இருக்காது, கோளாறு வேறு எங்கோ இருக்கும். ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன் ஐந்து நிமிடம் லிவரைப் பிடித்துப் பாருங்கள்.

வண்டியை நிறுத்தி, வேகமாக நாலைந்து முறை லிவரை அடியுங்கள். அடிக்க அடிக்க லிவர் கெட்டியாகி, சிறிது நேரம் விட்டுப் பிடித்தால் மறுபடியும் மெத்தென்று போனால் அது காற்றுதான். அழுத்திப் பிடித்திருக்கும்போதே லிவர் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் அது காற்று இல்லை. லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து ஆயிலைப் பின்னால் விடுகிறது, அல்லது எங்கோ வெளியே கசிகிறது. இந்த வண்டிக்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பிரயோஜனமில்லை. மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றியாக வேண்டும், சிலிண்டரின் உள்சுவரில் கீறல் விழுந்திருந்தால் முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும்.

முதல் அழுத்தலில் தூரம் போய், உடனே இரண்டாவது முறை பிடித்தால் சரியாக நிற்கிறதா? அதிலும் மோசமான ரோட்டில் ஓடிய பிறகு மட்டும் அப்படி ஆகிறதா? வீல் பேரிங் ஆட்டமோ டிஸ்க் கோணலோ, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகரும் ஸ்லைடர் பின்கள் காய்ந்து இறுகிவிட்டாலும் லிவர் ஸ்பிரிங் மாதிரி தள்ளும். அதற்குப் பின்களைக் கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது அங்கிருக்கும் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். கடைசியாக ஹோஸ், அதாவது ஆயில் போகும் குழாய். ஒருவர் லிவரை அழுத்தும்போது இன்னொருவர் ரப்பர் ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்தால் அது உப்புவது தெரிகிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகளின் மேனுவல் 4 வருடத்துக்கு ஒருமுறை ஹோஸை மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டிக்கும் அந்த வயது வந்துவிட்டது.

இவை எதுவும் இல்லை, காற்றுதான் என்று உறுதியானால் மேலே போகலாம். எவ்வளவு சிறிய குமிழி எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால் வேலையில் பொறுமை வரும். இந்த அளவு பைக்குகளில் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் சுமார் 12, 13 மிமீ. அது 10 மிமீ நகர்ந்தால் தள்ளுவது ஏறக்குறைய 1.3 மில்லி ஆயில். முழு லிவர் அழுத்தலும் இவ்வளவுதான். லைனில் அரை மில்லி காற்று இருந்தால், பிரேக் பிடிக்கும் அழுத்தத்தில் அது அநேகமாக ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அதாவது உங்கள் லிவரின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தூரம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போகிறது. மீதிதான் பேடைத் தள்ளுகிறது. சுண்டு விரல் நகத்தில் நிற்கும் அளவுக் காற்று லிவரைக் கைப்பிடிவரை கொண்டுபோவது இதனால்தான்.

காற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தண்ணீர். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. சில்க் போர்டு ஜங்ஷனில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. நந்தி மலையிலிருந்து இறங்கும்போது தெரியும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் நன்றாகவே தெரியும். வண்டியும் இரண்டு பேருமாக 300 கிலோ எடை 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், வீட்டில் 9 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான அளவு. இன்ஜின் பிரேக்கிங் இல்லாமல் நியூட்ரலிலோ உயர்ந்த கியரிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும்தான் போகும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் லிவர் திடீரென்று காலியாகிவிடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி லிவர் ஓரளவு திரும்பி வரும். அதனால் பலர் "சரியாகிவிட்டது" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சரியாகவில்லை. அந்த ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும். மலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. நான்கு வருட வண்டியில் ஒருமுறையும் மாற்றவில்லை என்றால், ஏர் மட்டும் எடுப்பது அரைவேலை.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஜே.சி. ரோட்டிலோ கலாசிப்பாளையத்திலோ எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் சீல் உடைக்காத டாட் 4 பாட்டில் கிடைக்கும். மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எந்த டாட் என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஏபிஎஸ் இல்லாத ஒரு பக்கத்துக்கு 100 முதல் 150 மில்லி போதும். ஏபிஎஸ் உள்ள முன்பக்கத்துக்கு 250 மில்லி வைத்துக்கொள்ளுங்கள். டாட் 4-ம் டாட் 5.1-ம் ஒரே வகை, ஒன்றின் மேல் ஒன்று போகலாம். டாட் 5 சிலிகான் வகை, பெயர் நெருக்கமாக இருந்தாலும் அதை உங்கள் வண்டியில் விடவே கூடாது. பெரிய கேனிலிருந்து ஊற்றித் தரும் லூஸ் ஆயிலை வாங்காதீர்கள். மூடி திறந்து மாதக்கணக்காக ஈரம் குடித்த ஆயிலைப் புதியது என்று நம்பிப் போடுவதில் அர்த்தமில்லை. அதே காரணத்தால் உங்கள் பாட்டிலில் மிஞ்சுவதையும் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இவை போக நிப்பிளுக்கு, அதாவது ஏர் எடுக்கக் காலிப்பரில் திறந்து மூடும் சிறிய துளையுள்ள திருகுக்கு, ரிங் ஸ்பேனர் வேண்டும், பெரும்பாலும் 8 அல்லது 10 மிமீ, சில காலிப்பர்களில் 11. ஓப்பன் ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். மீன் தொட்டிக்கு விற்கும் ஒளி ஊடுருவும் டியூப் அரை மீட்டர், மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச், காலி பாட்டில் ஒன்று, பழைய துணி, ஒரு பக்கெட் தண்ணீர். அந்தத் தண்ணீர் முக்கியம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். டேங்கின் மேல் சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆரம்பிக்கும் முன்பே டேங்கையும் முன் மட்கார்டையும் ஈரத்துணியால் மூடிவிடுவது இன்னும் நல்லது. ஜூன் முதல் அக்டோபர்வரை மழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. தூறல் விழும் நாளில் திறந்த வாசலில் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

வண்டியை சைடு ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை முழுவதும் இடது பக்கம் திருப்புங்கள். வலது கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் அப்போது உயர்ந்து நிற்கும். மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அந்த இரண்டு ஸ்க்ரூக்களின் தலை மிக மென்மையானது. சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் தலையில் ஒரு சிறு தட்டு தட்டி, அழுத்தியபடியே திருப்புங்கள். வழுக்கிவிட்டால் டிரில் வைத்து எடுக்கும் நிலை வரும். மூடிக்கடியில் உள்ள ரப்பர் டயாஃபிரம் உள்பக்கமாக இழுத்துத் தொங்கினால் பயப்பட வேண்டாம், பேடு தேய்ந்து ஆயில் மட்டம் இறங்கியதால் அப்படி இருக்கும். சுத்தமாகத் துடைத்து மடிப்பை நேராக்கி வையுங்கள்.

டப்பாவில் இருக்கும் கறுத்த பழைய ஆயிலை முதலில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பஞ்சு நார் விடாத துணியால் அடியைத் துடைத்து, புதியதை ஊற்றுங்கள். பழையதை லைன் முழுவதும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. அடியில் இரண்டு துளைகள் தெரியும். அதில் ஊசிமுனை அளவே இருக்கும் துளைதான் காம்பன்சேட்டிங் போர்ட். வண்டல் படிந்து அது அடைத்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு டிஸ்க் கொதிக்கும். அங்கே அழுக்கைத் தள்ளிவிடாதபடி துடையுங்கள். பிறகு லிவரை மிக மெதுவாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, பலமுறை தட்டுங்கள். அந்தத் துளையிலிருந்து பொடிக் குமிழிகள் எழும்பி வருவது தெரியும். மாஸ்டர் சிலிண்டரில் சிக்கிய காற்று இப்படி மேலேயே வெளியேறிவிடும். கீழே நிப்பிள்வரை தள்ளிக்கொண்டுபோக வேண்டியதில்லை. இந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவசரத்தில் செய்யும் வேலையில் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது காலிப்பர். நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி, முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் டியூபைச் செருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து மேலே வளைந்து பிறகு கீழே இறங்கட்டும், அப்போதுதான் வெளியே வந்த குமிழி திரும்பி நிப்பிளுக்குள் போகாது. லிவரை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். லிவர் இறங்கும், ஆயில் டியூபில் வரும். லிவர் இறங்கி முடியும் முன் நிப்பிளை மூடுங்கள். அதன் பிறகுதான் லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால், அதாவது மூடும் முன் லிவரை விட்டால், வெளியே போன காற்று அப்படியே உள்ளே இழுக்கப்படும். இரண்டு பேர் செய்யும்போது "பிடி", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

லிவரைக் கைப்பிடியில் இடிக்கும்வரை இழுக்காதீர்கள். பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவர் துருவும் வண்டலுமாக இருக்கும். ரப்பர் கப் அங்கே உரசினால் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சிலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கைப்பிடிக்கும் லிவருக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் கவலையில்லை.

ஒரு அழுத்தலுக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேல் போகிறது, டப்பா பிடிப்பதோ 20, 30 மில்லி. எட்டு முறைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரே ஒரு தடவை டப்பா காலியாகிக் காற்றை இழுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் அதைவிட மோசம், காற்று யூனிட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். டியூபில் தெளிந்த, குமிழியில்லாத ஆயில் தொடர்ந்து பத்துப் பதினைந்து அழுத்தலுக்கு வரும்வரை நிறுத்த வேண்டாம்.

அப்படியும் லிவர் கெட்டியாகவில்லையா? உங்கள் வண்டியில் ஹோஸ் நேராகக் காலிப்பருக்கு இறங்குவதில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடி முன்னால் வந்து இறங்குகிறது. அந்த மேடுகளில் காற்று உட்கார்ந்துகொள்ளும். காற்று மேலே போகப் பார்க்கிறது, நீங்களோ கீழே தள்ளுகிறீர்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் காலிப்பரையும் ஹோஸ் முனைகளில் இருக்கும் பான்ஜோ போல்ட்டுகளையும் லேசாகத் தட்டிக்கொண்டே ஏர் எடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் முனையில் இருக்கும் பான்ஜோதான் காற்று பதுங்கும் முதல் இடம். அதைச் சுற்றித் துணியைக் கட்டி, லிவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை ஒரு எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, ஆயில் கசிந்ததும் உடனே இறுக்கினால் கொஞ்சம் நுரை வருவதைப் பார்க்கலாம்.

இன்னொரு வழி, கீழிருந்து மேலே தள்ளுவது. சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, அதிலும் டியூபிலும் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, திறந்த நிப்பிள் வழியாக மெதுவாக 20, 30 மில்லி ஏற்றுங்கள். காற்று போக விரும்பும் திசையிலேயே போவதால் பிடிவாதமான குமிழியும் வந்துவிடும். மேலே டப்பா வழியாமல் ஒருவர் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். பழைய கறுத்த ஆயில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், காலிப்பரின் வண்டலெல்லாம் ஏபிஎஸ் வால்வுகளுக்குப் போகும். முதலில் மேலிருந்து கீழாக முழுவதும் மாற்றி, கடைசியில் மிச்சக் காற்றுக்கு மட்டும் இந்த முறை. லிவரை அழுத்தி ரப்பர் பேண்டால் இரவு முழுவதும் கட்டிவைக்கும் பழக்கமும் ஓரளவு பலன் தரும். அழுத்தத்தில் சுருங்கிய பொடிக் குமிழிகள் மெல்ல மேலேறி, காலையில் லிவரை விட்டதும் டப்பாவுக்குப் போய்விடும். ஆனால் கோளாறு என்ன என்று பார்க்காமல் தினமும் இரவு கட்டிவைப்பது தீர்வு ஆகாது.

இனி, ஒரு வாரத்தில் திரும்பி வந்ததற்கு என்ன காரணமாக இருக்கும்? முதல் சந்தேகம், ஏபிஎஸ் லைனில் இருந்த காற்று முழுவதும் வராமல், அன்றைக்கு மட்டும் லிவர் சுமாராகத் தெரிந்து, ஓட ஓடச் சிதறிய குமிழிகள் ஒன்றுசேர்ந்திருக்கும். இரண்டாவது, ஹோஸைக் கழற்றிய யாரோ பழைய வாஷரையே மாட்டியிருக்கலாம். ஒவ்வொரு பான்ஜோவுக்கும் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு செம்பு அல்லது அலுமினிய வாஷர் உண்டு. அவை ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காக இருப்பவை, கழற்றினால் புதியது போட வேண்டும். அழுக்கு ஒட்டிய ஈரமான வளையம் அங்கே தெரிந்தால் கசிவு உறுதி. மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டர் கப். சில சமயம் அது அழுத்தத்தில் தாங்கி, லிவர் திரும்பும்போது மட்டும் பின்னாலிருந்து காற்றை இழுக்கும். லிவருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். அது உள்ளே துளையுள்ள மெல்லிய உலோகம், முறிந்தால் காலிப்பரே போகும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து ஊறவிட்டு, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை நகர்த்தி, பிறகு தளர்த்துங்கள். ஸ்ப்ரே பேடில் படாமல் துணி வைக்க மறக்க வேண்டாம். மூடும்போதும் அப்படியே, பல காலிப்பர்களில் 6 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம், நின்ற பிறகு ஒரு சிறு இழுப்பு போதும். முடிந்ததும் டியூபை எடுத்து, நிப்பிள் துளையில் நிற்கும் ஆயிலைத் துணிமுனையால் உறிஞ்சிவிட்டு, ரப்பர் மூடியைப் போடுங்கள். அது தொலைந்திருந்தால் புதியது வாங்குங்கள். மழைத் தண்ணீரும் சேறும் துளையில் புகுந்துதான் நிப்பிள் அடைக்கிறது.

டப்பாவை மேல் கோட்டுக்கு மேல் நிரப்ப வேண்டாம். பேடு தேய்ந்திருக்கும்போது முட்ட நிரப்பினால், புதுப் பேடு போட்டுப் பிஸ்டனைத் தள்ளும் நாளில் ஆயில் வழிந்து டேங்கில் கொட்டும். எந்தக் காரணத்துக்கும் என்ஜின் ஆயிலோ ஃபோர்க் ஆயிலோ ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய், கப்பிலிருந்து ஹோஸ்வரை எல்லாவற்றையும் மாற்ற வைக்கும்.

சோதனையை ரோட்டில் ஆரம்பிக்காதீர்கள். நிப்பிளிலும் பான்ஜோவிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து, லிவரைப் பலமாக ஒரு நிமிடம் பிடியுங்கள். லிவர் இறங்கக் கூடாது, பேப்பர் நனையக் கூடாது. டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடு ஆயிலைக் குடித்திருந்தால் துடைப்பதில் பலனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு வண்டியில்லாத தெருவில் 20 கிமீ வேகத்தில் நாலைந்து முறை பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.

ஏபிஎஸ் பற்றி ஒன்று. வெறும் ஆயில் மாற்றத்துக்கு வீட்டு முறையே போதும். யூனிட்டின் பம்ப் பக்கத்துச் சிற்றறைகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும், அதனால் ஆபத்தில்லை. ஆனால் டப்பா காலியாகி அங்கே காற்று போயிருந்தால் லிவர் அடித்து எடுக்க முடியாது. டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி பம்பையும் வால்வுகளையும் இயக்கியபடி ஏர் எடுக்கும் வசதி சர்வீஸ் சென்டரில் உண்டு. மேலே சொன்ன எல்லாம் செய்தும் லிவர் மெத்தென்று இருந்தால் அங்கே போய், "ஏர் எடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "ஏபிஎஸ் யூனிட்டை ஆக்டிவேட் செய்து எடுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பின்பக்கமும் இதே முறைதான், லிவருக்குப் பதில் மிதி. சில வண்டிகளில் பின் காலிப்பர் நிப்பிள் மேல்நோக்கி இல்லாமல் சாய்ந்திருக்கும். அப்போது காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுள்ள மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சியில் வரும்படி பிடித்துக்கொண்டு எடுங்கள். மரத்துண்டு இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வெளியே எடுத்த பழைய ஆயில் விஷம். தெருச் சாக்கடையிலோ செடித் தொட்டியிலோ ஊற்றாமல், மூடிய பாட்டிலில், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைத்திருந்து, பழைய என்ஜின் ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.